எட்டாவது மருந்து

அத்தியாயம் 6

"நாலு மணிக்கு என் பொண்ணுக்குத் தீ வைக்கணும். அதுக்கு முன்னால எனக்கு ஒரு பேர் வேணும்" என்றார் கம்ரோன்.

மணி அப்போது பதினொன்றரை. புத்த விகாரையின் மண்டபத்தில் அவர் மகள் ஃபாயின் சவப்பெட்டியும், அதன் முன்னால் சட்டமிட்ட அவளுடைய புகைப்படமும் இருந்தன. அவள் இறந்து அன்று நூறாவது நாள். வசதி உள்ளவர்கள் நூறு நாள் வைத்திருந்து எரிப்பது எங்கள் சவன்கலோக் ஊரில் புதிதில்லை. ஆனால் கம்ரோனைக் காக்க வைத்தது வசதி இல்லை, ஆத்திரம். மகளைக் கொன்றவர் பெயர் தெரியாமல் சிதையில் சந்தனப் பூ வைக்க மாட்டேன் என்று பெட்டியைத் தொட்டு, பிக்குகளின் காது கேட்கச் சத்தியம் செய்திருந்தார். தெரிந்த பிறகு அந்த ஆளை என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. வாசலில் தேட் நின்றிருந்தான். அவனுடைய கறுப்பு வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. தேட் கம்ரோனிடம் சம்பளம் வாங்குவது ஒரே ஒரு வேலைக்கு.

என் பெயர் குங். குங் என்றால் இறால். பிறந்தபோது அப்படிச் சுருண்டு கிடந்தேனாம். துப்பறியும் ஒராபின் அக்காவின் பழைய வண்டியை ஓட்டுகிறேன். அவர் கேட்க மறந்த கேள்விகளைக் கேட்பேன். கேட்கக் கூடாததையும் நானேதான் கேட்டுத் தொலைப்பேன்.

"இவ்வளவு நாள் கழிச்சு எங்களை ஏன் கூப்பிட்டீங்க?" என்றேன்.

கம்ரோன் என்னைப் பார்க்கக் கூட இல்லை. அறுநூறு சண்டைக் கோழிகளுக்குச் சொந்தக்காரர், இறாலையெல்லாம் பார்ப்பாரா? ஒரு காகித உறையை அக்காவிடம் நீட்டினார். வலது கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தார். கட்டின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஏதோ தூள் கசிந்திருந்தது. சாவு வீட்டில் கைக்குப் பவுடர் பூசிக்கொள்ளும் ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"பேர் எனக்கே தெரியும், சார்ஜென்ட். கடைத்தெருவுல மருந்துக்கடை வச்சிருக்கற வன்பென். என் பொண்ணு காலுல சின்னக் காயம். காய்ச்சல்னு அவகிட்ட மருந்து வாங்கினா. போலி மருந்தைக் கட்டிக் குடுத்திருக்கா. பன்னெண்டு நாள்ல என் பொண்ணு போயிட்டா. உங்க வாயால ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"எதுக்கு என் வாயால?" என்றார் ஒராபின் அக்கா.

"ஒரு தடவை நீங்க எனக்கு ஒரு பேர் குடுத்தீங்க. சரியா இருந்துச்சு."

அக்கா உறையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

அந்தக் கதை ஊருக்கே தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால், அக்கா போலீஸ் சார்ஜென்டாக இருந்தபோது, கம்ரோனின் முதல் தரச் சேவலுக்கு யாரோ விஷம் வைத்தார்கள். "தீவனக் கடை பிரசோத் மேல ஒரு சந்தேகம் இருக்கு" என்று அக்கா வாய் தவறிச் சொன்னார். ஒரு வாரம் கழித்து பிரசோத் யோம் ஆற்றில் மிதந்தான். அவன் விஷம் வைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆற்றில் போட்டவன் யார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது, சாட்சி மட்டும் கிடைக்கவில்லை. அக்கா சீருடையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தவர்தான்.

வண்டியைக் கிளப்பினேன். "அக்கா, இந்த ஆளோட கேஸை ஏன் எடுத்தீங்க?"

"எட்டு வருஷமா, இந்த ஆள் மறுபடி எங்கிட்ட ஒரு பேர் கேக்கமாட்டானான்னு காத்துட்டிருந்தேன்."

"அது வன்பென் பேரா இருந்தா எனக்குச் சம்மதம்" என்றேன். மனதில் இருந்ததைத்தான் சொன்னேன். முப்பத்தெட்டு வயதில், லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்ற எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவள் ஃபாய். டீச்சர் வேலை முடிந்து, பள்ளிக்கூடம் விட்டபிறகு ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். நான் தடுமாறும்போது ஒரு தடவை கூடக் கேலியாகச் சிரித்ததில்லை அவள். இருபத்து நாலு வயது. போலி மருந்து விற்ற கைகளை ஒடித்துப் போட்டால் என்ன என்று நூறு நாளாக எனக்கும் தோன்றிக்கொண்டுதான் இருந்தது.

*

வன்பென் கடையைத் திறந்தே வைத்திருந்தாள். அறுபது வயது, குட்டை உருவம். கல்லாவுக்குப் பின்னால் ஒரு சுத்தியலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வன்பென் அக்கா, கடையை மூடலையா?" என்றார் ஒராபின் அக்கா.

"மூடினா தப்புப் பண்ணவன்னு சொல்வாங்க. திறந்து வச்சா சுடறவனுக்கு வசதி. எது தேவலைன்னு நீயே சொல்லு."

அக்கா உறையிலிருந்ததை மேசையில் கொட்டினார். சின்னச் சின்ன பிளாஸ்டிக் பொட்டலங்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் பச்சை-நீலக் கேப்சூல் ஒன்று, வெள்ளை மாத்திரை இரண்டு.

"இது நீ கட்டினதா?"

"என் கை முடிச்சுத்தான். அஞ்சு பொட்டலம் குடுத்தேன்."

"மூணு மிச்சம் இருக்கு."

"ரெண்டு போட்டதும் காய்ச்சல் விட்டிருக்கும், நிறுத்தியிருப்பா. எல்லாரும் அப்படித்தான்."

"இந்தப் பச்சை-நீலம் என்ன?"

"வீக்க மருந்து."

எங்கள் ஊரில் ஆன்டிபயாடிக் எல்லாவற்றுக்கும் இதுதான் பெயர். உண்மைப் பெயரைச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கறுப்பு-சிவப்பு ரெண்டு குடு, கறுப்பு-மஞ்சள் நாலு குடு என்று நிறத்தைச் சொல்லித்தான் வாங்குவோம். தொண்டை கரகரத்தால் ஒரு நிறம், பல் வலித்தால் இன்னொரு நிறம். நானே போன மாதம் முழங்கை இடித்துக்கொண்டதற்குக் கறுப்பு-சிவப்பு விழுங்கினேன்.

"போலின்னு சொல்றாங்களே" என்றேன் நான்.

வன்பென் என்னை முறைத்தாள். ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். கேப்சூலை வாயில் போட்டு, பக்கத்திலிருந்த பாட்டில் தண்ணீரைக் குடித்தாள்.

"இப்ப நம்பறியா?"

"உனக்கு என்ன வியாதி?" என்றார் அக்கா.

"பயம்."

"அதுக்கு இந்த மருந்து கேக்காது. ஃபாய்க்கும் இது கேட்டிருக்காது. என்ன கிருமின்னு தெரியாம, டாக்டர் சீட்டு இல்லாம, ரெண்டு நாளைக்குக் கட்டிக் குடுத்திருக்கே. அவளும் பாதியில விட்டிருக்கா. வன்பென் அக்கா, நீ நல்லவ இல்ல. ஆனா கொலைகாரியான்னு எனக்கு இன்னும் தெரியணும். அன்னிக்கு அவ காயத்தைப் பாத்தியா?"

வன்பென் சுத்தியலைக் கீழே வைத்தாள். குரல் தணிந்துவிட்டது.

"பாத்தேன். நொண்டிக்கிட்டு வந்தா. பாவாடையைத் தூக்கிக் காட்டினா. கெண்டைக்கால்ல ஒரு விரல் நீளம் கீறல். அது மேல தூள் அப்பியிருந்துச்சு. ரோஜாக் கலர்."

"கேப்சூலை உடைச்சுக் காயத்துல கொட்டறது நம்ம ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே?"

"கறுப்பு-மஞ்சளை உடைச்சா மஞ்சத் தூள் வரும். கறுப்பு-சிவப்பை உடைச்சா வெள்ளத் தூள். முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன், ரோஜாத் தூள் எந்தக் கேப்சூலுக்குள்ளயும் கிடையாது. இதென்னம்மா, யார் போட்டதுன்னு கேட்டேன். ‘வீட்டு மருந்து’ன்னு சிரிச்சா."

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"தேட் வந்து வாசல்ல நின்னானே, அவன் கேள்வி கேக்கவா வந்தான்?"

ரோஜாத் தூளை நான் எங்கேயோ பார்த்திருந்தேன், அன்று காலையிலேயே. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். அவருக்கு எப்போதோ பிடிபட்டிருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது.

*

மணி ஒன்று. வண்டிக்குள் உட்கார்ந்தபடியே அக்கா உறையில் மீதியிருந்த தாளை எடுத்தார். ஆஸ்பத்திரிப் பரிசோதனைத் தாள். எட்டு மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. முதல் ஏழுக்கு நேராக ஒரே முத்திரை, ‘கேட்கவில்லை’ என்று. எட்டாவதற்கு மட்டும் ‘கேட்கும்’.

ஃபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் நிச்சாவை அக்கா போனில் பிடித்தார். நானும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"டாக்டர், இந்த ஏழாவது மருந்து என்ன?"

"அதைப் பூட்டி வச்சிருப்போம். வேற எதுவும் கேக்காதப்ப கடைசியா எடுக்கறது. இந்த ஆஸ்பத்திரியில ஃபாய்க்கு முன்னால ஒரு வருஷமா யாருக்கும் போட்டதில்ல. அவளுக்குப் போட்டோம். கிருமி அசையவே இல்ல."

"இதுக்கு முன்னால அவளுக்கு அந்த மருந்து உடம்புல ஏறியிருக்குமா?"

"வாய்ப்பே இல்ல. ஊர்ல எந்தக் கடையிலயும் கிடைக்காது."

"எட்டாவது?"

"பாங்காக்லேர்ந்து வரவழைச்சோம். வியாழக்கிழமை காலையில வந்துச்சு. அவ புதன்கிழமை ராத்திரி போயிட்டா. இன்னும் எங்க ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு. தூக்கிப் போட மனசு வரல."

அக்கா போனை வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார்: "குங், ஒரு திருடன். முன்னப்பின்ன பாக்காத பூட்டு. ஒரே தட்டுல திறந்துட்டான். என்ன அர்த்தம்?"

"பூட்டு மட்டம்."

"பூட்டு உசத்தி. ஊர்ல யார் வீட்டுலயும் இல்லாத பூட்டு."

"அப்ப திருடன் உசத்தி."

"அதே மாதிரிப் பூட்டை வேற எங்கயோ தினம் தினம் திறந்து பழகியிருக்கான். ஃபாய் உடம்புக்குள்ள போன கிருமி, அந்த ஏழாவது மருந்தை அதுக்கு முன்னாலயே பாத்திருக்கு. ஆஸ்பத்திரியில இல்ல, கடையில இல்ல. ரோஜாத் தூள் இருக்கற இடத்துல பாத்திருக்கு."

"அது எங்க?"

"கோழிப் பண்ணைக்கு விடு."

*

கம்ரோனின் பண்ணையில் வரிசை வரிசையாக மூங்கில் கூடைகள் கவிழ்த்து வைக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சேவல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. நிழலில் இன் மாமா ஒரு சேவலை மஞ்சள் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் பண்ணையின் தண்ணீர்க்காரர். சண்டையின் சுற்றுகளுக்கு இடையில் சேவலைக் கழுவி, கிழிந்த இடத்தைத் தைத்து, தொண்டையில் ரத்தம் கட்டினால் வாய் வைத்து உறிஞ்சித் துப்புகிற ஆள். முன் பற்கள் இரண்டு இல்லை.

"என்னை விட இதுக்குக் குளியல் ஜாஸ்தி போல" என்றேன்.

"இது ஜெயிக்கும். நீ?" என்றார் இன் மாமா.

அக்கா தரையில் குந்தி உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் சோறும் வாழைப்பழமும் பிசைந்து உருட்டிய உருண்டைகள் இருந்தன.

"இதுல என்ன சேர்க்கறீங்க மாமா?"

"வீக்க மருந்து. வாரத்துக்கு ஒரு டப்பா. இந்த வாரம் பச்சை, அடுத்த வாரம் சிவப்பு."

"கோழிக்கு நோவா?"

"நோவு வரக்கூடாதுன்னு குடுக்கறது. சண்டைக்கு முன்னாடி வாரம் ரெண்டு பங்கு."

"வந்துட்டா?"

"வந்தா கூடக் குடுப்போம். எச்சம் கெட்டியானதும் அன்னிக்கே நிறுத்திடுவோம். மருந்து அதிகமாப் போனா கால் கனத்துப்போயிரும், ஆட்டத்துல எழும்பாது. எங்கப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான்."

அக்கா எழுந்து கொட்டகைக்குள் போனார். அலமாரியில் டப்பாக்கள் நிறவாரியாக அடுக்கியிருந்தன. முன்பக்கம் பெரிதாகச் சேவல் படம். பின்பக்கம் எறும்பு எறும்பாக எழுத்து.

"எனக்குக் கண்ணாடி இல்ல. நீ படி, குங்" என்றார் அக்கா. பரிசோதனைத் தாளையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

நான் படித்தேன். ஃபாய் சொல்லிக் கொடுத்த மாதிரி, விரலை வைத்து, எழுத்துக் கூட்டி. முதல் டப்பா. அக்கா தாளில் ஒரு கோடு போட்டார். இரண்டாவது. கோடு. மூன்றாவது டப்பாவின் பெயர் நீளம், இரண்டு முறை தடுக்கி விழுந்தேன். கோடு. நாலு, ஐந்து, ஆறு. ஏழாவதைத் திறந்து பார்த்தேன். உள்ளே ரோஜா நிறத் தூள். பின்பக்கத்தைப் படித்தேன். ஆஸ்பத்திரியில் பூட்டி வைத்திருக்கும் அதே மருந்து, கிலோக் கணக்கில், ஒரு தகரக் கரண்டியோடு.

கோடு.

"எட்டாவது?" என்றார் அக்கா.

"இல்லக்கா. அலமாரி முடிஞ்சு போச்சு."

ஃபாயைக் கைவிட்ட ஏழு மருந்தும் அந்த அலமாரியில் இருந்தன. அங்கே இல்லாத ஒரே மருந்துதான் அவளைக் காப்பாற்றியிருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாமலே போயிருக்கலாம் என்று அந்த நிமிடத்தில் தோன்றியது.

இன் மாமா கதவோரம் வந்து நின்றிருந்தார்.

"அந்தப் பொண்ணு காலை எந்தக் கோழி கிழிச்சுது மாமா?"

"பொன்கழுத்து. பயிற்சிக்கு விட்டிருந்தோம், பாப்பா வேடிக்கை பாக்க வந்துச்சு. பாய்ஞ்சிருச்சு."

"தூளை யார் போட்டாங்க?"

அவர் ஈரத் துணியை முறுக்கினார். பிழிந்ததையே மறுபடி பிழிந்தார்.

"மாமா. இன்னிக்கு நாலு மணிக்கு வன்பென் அக்காவைச் சுடப் போறாங்க."

"ஓடி வந்தாரு. தன் கையாலயே கழுவினாரு. தன் கையாலயே தூளைப் போட்டு, எரியாம இருக்க வாயால ஊதி ஊதிக் கட்டினாரு. ‘பொன்கழுத்துக்கே இதைத்தான் போடறேன், உனக்குப் போட மாட்டேனா’ன்னாரு. பாப்பா சிரிச்சுச்சு."

"யாரு?" என்றேன் நான். மண்டையில் ஏறவில்லை என்று இல்லை. வேறு யாராவது பெயர் வராதா என்று இருந்தது.

இன் மாமா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சேவலிடம் திரும்பிப் போனார். எனக்குள் கம்ரோனின் கட்டைவிரல் கட்டு வந்து நின்றது.

*

திரும்பும் வழியில் நான்தான் பேச்சைத் தொடங்கினேன். "அக்கா, வன்பென் இல்லைன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடலாம்."

"அப்ப நாளைக்கு டாக்டர். நாளை மறுநாள் இன் மாமா. அவனுக்கு ஒரு பேர் இல்லாம தீராது."

"பெத்த அப்பன்கிட்ட போய்…"

"பிரசோத்தும் ஒரு பொண்ணைப் பெத்த அப்பன்தான். அவளுக்கு அப்ப நாலு வயசு."

"அப்ப இது பழியாக்கா?"

"ஆமா" என்றார். மழுப்பவே இல்லை.

*

மூன்றே முக்காலுக்கு விகாரை நிரம்பியிருந்தது. கறுப்பு உடையில் ஊரே வந்திருந்தது. தட்டுகளில் சந்தனச் சீவலில் செய்த பூக்கள். சவப்பெட்டியை எரியூட்டும் சூளையின் வாயில் ஏற்றி வைத்திருந்தார்கள். படிக்கட்டின் கீழே கம்ரோன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் வியர்த்துக் கொட்டியது. தேட் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"பேர்" என்றார் கம்ரோன்.

"உங்க சத்தியம் அப்படியே இருக்கா? யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்."

அக்கா பரிசோதனைத் தாளை அவர் மடியில் வைத்தார். "ஏழு மருந்து உங்க பொண்ணுக்குக் கேக்கல. நான் கோடு போட்டிருக்கேன் பாருங்க. இந்த ஏழும் எந்த அலமாரியில இருக்குன்னு தெரியுமா?"

"வன்பென் கடை."

"அவ கடையில இதுல ரெண்டு மூணுதான் இருக்கும். ஏழும் உங்க கொட்டகையில இருக்கு. முதலாளி, நோவே இல்லாத அறுநூறு கோழிக்கு வாரா வாரம் குடுத்தீங்க. பாதியில நிறுத்தினீங்க. சாகாம தப்பிச்ச கிருமி ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கத்துக்கிட்டுச்சு. ஏழு மருந்தும் அதுக்கு அத்துப்படி ஆகற வரைக்கும் நீங்க சொல்லிக் குடுத்துக்கிட்டே இருந்தீங்க. அப்புறம் ஒரு நாள் அது பொன்கழுத்தோட கால் முள்ளுல ஏறி ஃபாய் காலுக்கு வந்துச்சு. நீங்க அதுக்கு ஏற்கெனவே பழக்கமான தூளையே மேல போட்டு, கட்டி விட்டீங்க."

"பேரைச் சொல்லு" என்றார் கம்ரோன். குரல் கிழிந்து வந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கேட்டார்.

"கம்ரோன்" என்றார் அக்கா.

தேட் எஜமானரின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் முதல் முறையாக அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நான் பாசத்துல போட்டேன்."

"தெரியும். ஊதி ஊதிப் போட்டீங்கன்னும் தெரியும். இன்னொரு பேரும் பாக்கி இருக்கு. எட்டு வருஷத்துக்கு முன்னால உங்க சேவலுக்கு விஷம் வச்சது பிரசோத் இல்ல. உங்க மச்சான். ஊர்ல எல்லாருக்கும் தெரியும். உங்ககிட்ட சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்ல. நான் தப்பான பேர் குடுத்தேன். நீங்க தப்பான ஆளைக் கொன்னீங்க."

கம்ரோன் வெகு நேரம் மகளின் புகைப்படத்தைப் பார்த்தார். பிறகு திரும்பாமலே இடது கையைப் பின்னால் நீட்டினார்.

"தேட். துப்பாக்கியைக் குடு. சத்தியம்னா சத்தியம்."

குடுத்துத் தொலைடா என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. மறைக்க மாட்டேன். எழுத்துக் கூட்டும்போது என் விரலைப் பிடித்து நகர்த்திய அந்தக் கை இப்போது பெட்டிக்குள் இருந்தது.

அக்கா சட்டென்று கம்ரோனின் வலது கையைப் பிடித்தார். அவர் அலறினார். கட்டைப் பிய்த்து எறிந்தார் அக்கா. கட்டைவிரல் ஊதிக் கறுத்திருந்தது. அதிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை ஏறியிருந்தது.

"எத்தனை நாளாக் காய்ச்சல்?"

"மூணு."

"என்ன போட்டீங்க?"

"சிவப்பு டப்பா. அப்புறம் பச்சை."

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். துப்பாக்கியே தேவையில்லை. நாங்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும், பத்துப் பன்னிரண்டு நாளில் எல்லாக் கணக்கும் தீர்ந்துவிடும். அக்கா ஒன்றும் பேசாமல் நின்றார். பிக்குகள் ஓதத் தொடங்கினார்கள், ஒரு பத்தி முடிந்தது. அப்போதும் நின்றார்.

"ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜ்ல எட்டாவது மருந்து இருக்கு" என்றார் கடைசியில். "ஃபாய்க்காக பாங்காக்லேர்ந்து வந்தது. ஒரு நாள் லேட்டா வந்துச்சு."

கம்ரோன் தலையை ஆட்டினார். "அவளுக்கு வந்ததை நான் போட்டுக்க மாட்டேன்."

"போட்டுக்குவீங்க. உங்களுக்கு அதை விடக் கொடுமையான தண்டனை எனக்குத் தோணல. ஒவ்வொரு ஊசியும் ஏறும்போது யாருக்கு வந்த மருந்துன்னு நெனச்சுக்கங்க." அக்காவின் குரல் உயரவே இல்லை. "நீங்க செத்துப் போறதுக்கா எட்டு வருஷம் காத்திருந்தேன்? பொழைக்கணும். பொழைச்சு எழுந்து, முதல்ல பிரசோத் சம்சாரம் வீட்டுக்குப் போகணும். அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். உள்ள போறதுக்கு முன்னாடி, இந்த ஆத்தங்கரையில இருக்கற ஒவ்வொரு கோழிப் பண்ணைக்காரனையும் கூப்பிட்டு உக்கார வைக்கணும். உன் பொண்ணை யாருய்யா கொன்னாங்கன்னு அவங்க கேப்பாங்க. அதுக்கு உங்க வாயால நீங்க பேர் சொல்லணும். எனக்கு வேண்டியது அது."

தேட் மெல்ல வாசலுக்குப் போனான். சற்று நேரத்தில் கறுப்பு வண்டியின் எஞ்சின் சத்தம் நின்றது.

கம்ரோன் எழுந்தார். ஒரு தட்டிலிருந்து சந்தனப் பூவை எடுக்கப் போனார், வலது கை மடங்கவில்லை. இடது கையால் எடுத்துக்கொண்டு படி ஏறினார். பெட்டியின் மேல் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்காமல் நின்றார். பிக்கு ஒருவர்தான் தோளைத் தொட்டு இறக்கிவிட வேண்டியிருந்தது.

எங்கள் வண்டியில் முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தோம். கம்ரோன் நடுவில். அவர் உடம்பின் சூடு என் சட்டை வழியாகத் தெரிந்தது. கண்ணாடியில் விகாரையின் புகைபோக்கியிலிருந்து புகை கிளம்புவதைப் பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை.

பாலம் தாண்டும்போது கேட்டார்: "எத்தனை நாள் போடணும்?"

"டாக்டர் சொல்ற நாள் வரைக்கும்" என்றார் அக்கா.

"மூணு நாள்ல காய்ச்சல் விட்டுட்டா நிறுத்திடலாமா?"

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை அவருக்கு. நான் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"நிறுத்திப் பாருங்க முதலாளி. அப்ப தேட் வேலையை நான் பாத்துக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை. நானும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.